தரை தொடாப் பாடம்

முட்டிக்கால் டீச்சர், 1962–2021. பெற்றோர் இட்ட பெயர் வேறு. அது அரசாங்கத் தாள்களிலும் மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டிலும் மட்டுமே பயன்பட்டது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க அவரிடம் கற்றவர்களும், கற்காத கடைக்காரர்களும், ஏன், கட்டிய கணவருமே அவரை இந்தப் பெயரால்தான் அழைத்தனர். "முட்டி போடுங்க" என்பதே அவர் வகுப்பின் முதற்சொல்லாக நெடுங்காலம் இருந்தது. பின்னாளில் அந்தச் சொல்லை அவரே தம் வகுப்பிலிருந்து அடியோடு நீக்கினார். பெயர் மட்டும் நீங்க மறுத்துவிட்டது.

தொடக்கத்தில் அவர் டீச்சரும் அல்லர், நீந்தவும் தெரியாதவர். நகரத்துப் பொது நீச்சல்குளத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் முனகும் மின்விசிறி, நாள் முழுவதும் குளோரின் வாடை. காலையில் நீச்சல்காரர்கள் வருவார்கள். மதியத்துக்குப் பின் குளம் 'கேப்டன்' நடத்திய ஆழ்நீர்ப் பயிற்சிப் பள்ளிக்கு உரியதாகும். கேப்டன் எந்தக் கப்பலையும் ஓட்டியவர் அல்லர். அவர் வாங்கிய ஒரே படகு துறைமுகத்தில் கட்டியிருந்த நிலையிலேயே மூழ்கியது. பட்டம் மட்டும் மிதந்தது.

மதிய உணவு நேரத்தில் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் தானாகவே நீந்தப் பழகிய டிக்கெட்காரப் பெண்மணி, முப்பத்து மூன்றாம் வயதில் கேப்டனிடம் போய் நின்றார்.

"எனக்கும் சிலிண்டர் கட்டிக்கிட்டு இறங்கக் கத்துக் குடுங்க."

"நீ இறங்கிட்டா டிக்கெட்டை யாரும்மா கிழிப்பாங்க?"

"மழைக்காலத்துல நனையறதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க சார். அப்ப கத்துக் குடுங்க."

மழைக்காலம் வந்ததும் பாடம் தொடங்கியது.

ஆழ்நீர்ப் பாடங்களில் மிகச் சாதாரணமானது முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றுவது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி முகமூடி அது. அதற்குள் நீர் நிறைந்தால், மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கு வழியே மூச்சை ஊத வேண்டும். காற்று மேலே நிறைய, நீர் கீழ்விளிம்பு வழியே தானாக ஓடிவிடும். அடுத்த மூச்சை வாயில் கவ்விய குழாய் வழியே இழுக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். பலருக்கு ஒரு பிற்பகலில் கைவந்துவிடும். இவருக்கு அந்த மழைக்காலம் முழுவதும் வரவில்லை. மூக்கில் நீர் பட்ட கணமே மூக்கால் உறிஞ்சிவிடுவார். இருமிக்கொண்டே மேலே வருவார்.

அவர் விடவில்லை. வீட்டுச் சமையலறையில் ஒரு வாளி நீரை வைத்து, முகத்தைக் கவிழ்த்து, வாயில் ஒரு குழாயைக் கவ்வி, மூக்கு நனைந்திருக்க வாயால் மட்டும் மூச்சுவிடப் பழகினார். கணவர் மின்பழுது பார்ப்பவர். மழைக்குக்கூட இரண்டு முறை யோசித்து நனைபவர். கதவில் சாய்ந்து நின்று கேட்பார்.

"தண்ணிக்குள்ள என்ன தேடுற? தொலைஞ்சது என் சாப்பாட்டு நேரந்தான்."

முகம் வாளிக்குள் இருந்தபடியே ஒரு கை எழுந்து அடுப்பைச் சுட்டும். அடுப்பில் சாப்பாடு தயாராக இருக்கும்.

மழை ஓயும் தறுவாயில் கேப்டன் ஒரு வழி சொன்னார். "மிதந்துக்கிட்டே முயற்சி பண்ணாதே. அடிக்குப் போய் முட்டி போடு. பெல்ட்டுல இன்னொரு ஈயக்கட்டி சேர்த்துக்கோ, அசையவே மாட்டே." அவ்வாறே செய்தார். ஓடு பதித்த தரையில் இரு முழங்காலும் அழுந்தியதும் மனம் நிலைத்தது. நீர் புகுந்தது; மூக்கால் ஊதினார்; கண்முன் உலகம் தெளிந்தது. தரை தந்த அந்தத் துணிவை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னர் நேர்ந்ததற்கெல்லாம் விதை அதுவே.

சில ஆண்டுகளில் அவர் அதே பள்ளியில் பயிற்றுநரானார். கண்டிப்பானவர். நீரில் இறங்குமுன் இருவர் இருவராக நின்று ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்: காற்றுக் குழாய் முழுதும் திறந்திருக்கிறதா, ஈய பெல்ட்டின் கொக்கி வலக்கையால் அவிழுமா, மிதவைச் சட்டையில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா. யாரும் பார்க்காத வேளையில் ஒருவருடைய கொக்கியை டீச்சரே புரட்டி மாட்டிவைப்பார். கண்டுபிடிக்காத இணை அன்று குளத்தில் இறங்காது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருக்கும்.

"மூச்சை அடக்கக் கூடாது. எதை மறந்தாலும் இத மறக்கக் கூடாது. மேலே வர வர நெஞ்சுக்குள்ள இருக்கிற காத்து விரியும். அடக்கினா நுரையீரல் கிழியும். வாயிலேர்ந்து குழாய் நழுவினாக்கூட 'ஊ'ன்னு முனகிக்கிட்டே இருங்க."

"பாட்டுப் பாடலாமா டீச்சர்?" என்று எவராவது கேட்பார்கள்.

"பாடுங்க. உங்க பாட்டை மீன்தான் பொறுத்துக்கும்."

பிறகு அனைவரும் குளத்தின் அடியில் வரிசையாக முட்டி போடுவார்கள். மேலிருந்து பார்த்தால் வீட்டுப்பாடம் எழுதாத வகுப்பு ஒன்று மொத்தமாகத் தண்டனை பெற்றதுபோல் இருக்கும். ஒவ்வொரு பெல்ட்டிலும் தேவைக்கு மேல் ஒரு ஈயக்கட்டி. "ஈயம் இருந்தா ஒழுக்கம் இருக்கும்" என்பது கேப்டனின் வேதவாக்கு. முட்டி போட்ட நிலையிலேயே முகமூடியைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், நீரை ஊதி வெளியேற்றுவார்கள். அனைவரும் தேறினார்கள். பள்ளிக்கு நல்ல பெயர்.

டீச்சரின் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அதே வீட்டின் மாடியறையில் குடியிருந்தார். கடல் தாவரங்களை ஆராயும் நிலையம் ஒன்றில் உலர்த்தும் அறை அவர் பொறுப்பு. முக்குளிப்பவர்கள் கொண்டுவரும் கடற்புல்லைக் கழுவி, தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டும் வேலை. பதினோரு ஆண்டுகளாக அதைச் செய்துவந்தார். புல்லின் வேரும் கணுவும் நரம்பும் அவருக்கு உள்ளங்கை ரேகைபோல் பழக்கம்; ஆனால் அது நின்று அசைந்த இடத்தை ஒரு நாளும் கண்டதில்லை. நிலையத்தின் முக்குளிப்பவர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அடுத்த பருவம் தொடங்குமுன் ஆழ்நீர்ச் சான்றிதழ் பெறும் உள்ளூழியர் எவரேனும் இருந்தால் அந்த இடம் அவருக்கே என்றும், இல்லையேல் வெளியாள் எடுக்கப்படுவார் என்றும் நிலையம் அறிவித்தது.

நாத்தனார் அன்று மாலையே மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

"அண்ணி, எனக்குக் கத்துக் குடுங்க."

"மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது."

"அதான் மூச்சை சிலிண்டர்ல அடைச்சுக் குடுக்குறீங்களே. வாங்க வேண்டியதே இல்லையே."

குளத்தில் நாத்தனாரைப்போல் விரைவாகக் கற்றவர் இல்லை. டீச்சர் கையசைப்பதற்குள் முட்டி போட்டிருப்பார். முகமூடி கழன்று திரும்ப ஏறியிருக்கும். "என் அண்ணி கண்ணை உருட்டினாலே எனக்கு முட்டி மடங்கிடும்" என்று கரையில் மற்றவர்களிடம் பெருமை பேசினார். டீச்சரும் உள்ளூர மகிழ்ந்தார்.

கடலில் தேர்வு. படகிலிருந்து நீருக்குள் ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். இறங்கும்போதே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். கடலடி அங்கே சரிவானது. கயிற்றின் முனைக்குக் கீழே நீலம்தான், தரை கண்ணுக்கு எட்டாது. முன்னே சென்றவரின் துடுப்புச் செருப்பு நாத்தனாரின் முகமூடியில் பட்டு அதில் நீர் நிறைந்தது. நாத்தனார் கயிற்றை விட்டார். முழங்கால்களை மடக்கினார். கூடுதல் ஈயம் தன் வேலையைச் செய்தது. முட்டி போட்ட கோலத்திலேயே கிணற்றில் விழுந்த குடம்போல் கீழே இறங்கினார்.

டீச்சர் தலைகீழாகத் திரும்பித் துரத்தினார். ஒரு கையால் சிலிண்டரின் கழுத்தைப் பற்றி, மறு கையால் நாத்தனாரின் மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி நிறுத்தினார். நல்லவேளையாகக் குழாய் வாயை விட்டு நழுவவில்லை. அவசரப்படாமல், இடையில் நிற்க வேண்டிய ஆழத்தில் நின்று, முறைப்படி மேலே கொண்டுவந்தார். படகில் ஏற்றியபோது நாத்தனாரின் இடக்காதிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று கழுத்துக்கு இறங்கியது.

"பயம்," என்றார் கேப்டன், துண்டை நீட்டியபடி. "கடல்னா எல்லாருக்கும் முதல்ல பயந்தான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லே."

"நான் பயப்படலே கேப்டன்." நாத்தனார் துண்டைக் காதில் அழுத்திக்கொண்டார். "அண்ணி சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன். முட்டி போட இடம் தேடினேன்."

கேப்டன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கரை வரும்வரை அவர் தம் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செவிப்பறையில் சிறு கிழிசல், தானாகக் கூடிவிடும், தாம் சொல்லும்வரை காதில் ஒரு சொட்டு நீரும் படக் கூடாது என்றார் காது மருத்துவர். நிலையத்தின் பருவத் தொடக்கத்துக்கு அதன் பிறகும் சில வாரங்கள் மிஞ்சும். ஒரே ஒரு தேர்வுக்கு இடமுண்டு. அதிலும் தவறினால் நாத்தனாருக்கு உலர்த்தும் அறையே கதி.

வீட்டில் கணவர் மனைவியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே மேசையில் மூவரும் அமர்ந்திருக்கும்போதே, "உப்பு வேணும்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு" என்பார் தங்கையிடம்.

"எனக்கு ஒரு காதுதான் கேக்குது. அவங்களுக்கு ரெண்டும் கேக்கும். நீயே சொல்லு" என்பார் தங்கை.

டீச்சர் உப்பை நகர்த்திவைத்துவிட்டுத் தம் யோசனைக்குத் திரும்புவார். யோசனை ஒன்றேதான். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு பேருக்கு முகமூடியைச் சரிசெய்யக் கற்பித்தோம் என்று எண்ணியிருந்தார். உண்மையில் தரையில் முட்டி போட்டபடி சரிசெய்யக் கற்பித்திருக்கிறார். தரையில்லாத இடத்தில் அந்தப் பாடத்தின் பாதி காணாமற்போகிறது. மீதிப் பாதியோ ஆளைத் தரையைத் தேடிக் கீழே இழுக்கிறது. இழுப்பதற்குத் துணையாக ஈயத்தையும் அவரே கட்டி அனுப்பியிருக்கிறார்.

கேப்டனிடம் இதைச் சொன்னார்.

"இவ்வளவு வருஷம் எவனும் சாகலே," என்றார் கேப்டன்.

"சாகற வரைக்கும் காத்திருக்கணுமா சார்? அந்தரத்துல நின்னுக்கிட்டே செய்யக் கத்துக் குடுக்கணும். முட்டி தரையில படவே கூடாது."

"அது ரொம்பத் தேறினவங்க செய்யற வித்தை. புதுசா வர்றவங்களுக்கு எதுக்கு?"

"நீங்க செஞ்சு காட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை குளத்தில் வேறு எவரும் இல்லை. கேப்டன் மிடுக்காக இறங்கினார், நடு ஆழத்தில் நின்று முகமூடியைக் கழற்றினார், மூக்கால் ஊதினார், தரைக்குப் போனார். மறுமுறை நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு கழற்றினார். கூரையைப் பார்த்தபடி மேற்பரப்பில் முளைத்தார். அடுத்து டீச்சர் முயன்றார். அவரும் அவ்வாறே. ஒருவர் ஏற மற்றவர் இறங்க, கிணற்று ராட்டினத்தின் இரு வாளிகளைப்போல் இருவரும் ஒருவரையொருவர் கடந்தனர். மற்றவர்க்குச் சொல்லும் வித்தை தமக்கே தெரியாது என்பதை டீச்சர் அன்று நீருக்கடியில் கண்ணாரக் கண்டார்.

கரையேறிய கேப்டன், "குளத்துத் தண்ணியில இன்னைக்கு மருந்து ஜாஸ்தி" என்றார்.

டீச்சர் மீண்டும் மாணவியானார். தனியாக எவரும் நீரில் இறங்கக் கூடாது என்று பள்ளியின் சுவரில் கேப்டனே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஆகவே துணைக்கு அவரே வரவேண்டியதாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே வந்து குளத்தடியில் முட்டி போட்டு அமர்ந்து, ஏறி இறங்கும் டீச்சரை நோக்கி நீருக்குள்ளேயே கைதட்டிக் கேலி செய்வார்.

டீச்சர் முதலில் ஈயத்தைக் குறைத்தார். மிதவைச் சட்டையைக் காலிசெய்து, இயல்பாக மூச்சை இழுத்து நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் தலை மெல்ல மூழ்க வேண்டும். அந்த அளவுக்கு வரும்வரை கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாம் ஆண்டுக்கணக்கில் வீண் பாரம் சுமந்தது தெரிந்தது. பிறகு மூச்சு. இழுத்தால் உடல் சற்றே எழும். விட்டால் சற்றே தாழும். அந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே உடலைக் குப்புறக் கிடத்தி, கால்களைப் பின்னே நீட்டிக் காத்திருக்க வேண்டும். கையை வீசக் கூடாது, காலை உதைக்கக் கூடாது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. முழம் சறுக்கிய இடத்திலிருந்து மறுநாள் தொடங்கினார்.

இறுதியில் முகமூடி. அதன் சூட்சுமம் பல நாட்களுக்குப் பின்னரே பிடிபட்டது. மூக்கால் ஊதும்போது நெஞ்சு காலியாகி உடல் ஒரு கையளவு தாழத்தான் செய்யும். அந்தத் தாழ்வுக்கு அஞ்சிக் காலை உதைப்பதுதான் பிழை. ஊதி முடித்து வாயால் நிதானமாக இழுத்தால், தாழ்ந்த உடலை அந்த மூச்சே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதை முதன்முறை செய்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது கீழே கேப்டன் கைதட்டவில்லை. முட்டி போட்டவாறே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காது ஆறிவிட்டதென மருத்துவர் அனுமதித்த அன்றே நாத்தனார் தம் நீர்ச்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிறங்கினார். கணவர் வாசலை மறித்தார். மனைவியிடம் விட்டுப்போன பேச்செல்லாம் ஒரே வாக்கியமாக வந்தது.

"என் தங்கச்சிய மறுபடியும் கடல்ல போடப் போறியா?"

"நான் கூட்டிட்டுப் போகலீங்க. அவதான் முன்னால நடக்கறா."

"அண்ணே, வழிய விடு," என்றார் நாத்தனார். "காய்ஞ்ச புல்லையே பாத்துப் பாத்து நானும் காய்ஞ்சு போயிட்டேன். உன் மின்சாரத்துல நீ எத்தன தடவ ஷாக் அடிச்சு விழுந்திருப்பே? நான் என்னைக்காவது உன் கையப் பிடிச்சு நிறுத்தினேனா?"

கணவர் ஒதுங்கி நின்றார். ஆனால் அன்று முதல் குளத்தின் கரையில் வந்து உட்காரத் தொடங்கினார்; நீர்த்துளி தெறிக்காத தொலைவில்.

கற்றதைக் கைவிட வைப்பது கற்பிப்பதைக் காட்டிலும் கடினம். நாத்தனார் அந்தரத்தில் நிற்க விரைவில் பழகினார். அசையாமல், சிலைபோல நின்றார். டீச்சர் அவரை உடனே மேலே வரச் செய்தார்.

"என்ன அண்ணி, அழகா நின்னேனே."

"குமிழி வரலே. மூச்சை அடக்கிட்டு நின்னே."

"மூச்சு விட்டா ஆடுதே."

"ஆடட்டும். அசையாம நிக்கணும்னா ஒரு கல்லக் கட்டித் தொங்கவிட்டாப் போதும். எனக்கு மூச்சு விடுற ஆள் வேணும்."

நாத்தனார் முனகிக்கொண்டே நிற்கப் பழகினார். ஆனால் முகமூடியில் நீர் புகுந்தால் போதும். உள்ளே எவரோ கயிற்றை இழுத்ததுபோல் முழங்கால் இரண்டும் மடங்கும், முகம் கீழே குனியும், உடல் தரைக்குப் போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது குளத்துப் பழக்கம், கடல் மட்டும் வந்திருந்தது. டீச்சர் சொல்லிப் பார்த்தார், செய்து காட்டினார், முழங்காலைத் தொட்டு நினைவூட்டினார். பயனில்லை. பருவத் தொடக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டீச்சர் தாம் நீக்கிய ஈயக்கட்டிகளை எல்லாம் மீண்டும் தம் பெல்ட்டில் ஏற்றினார்.

"இப்ப எதுக்கு இது?" என்றார் கேப்டன்.

"நான் அடியில மல்லாந்து படுத்துக்கப் போறேன். அவ எனக்கு நேர் மேல நிக்கட்டும்." நாத்தனார் பக்கம் திரும்பினார். "உனக்கு முட்டி போட்டே ஆகணும்னா என் வயித்து மேல போடு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணி, இது எந்த நாத்தனாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"சிலிண்டர் நானும் கட்டியிருக்கேன். வருத்தப்பட நேரமிருக்கும்."

கேப்டன் கரையிலிருந்து இருவரையும் கண்காணித்தார். முதல்முறை முகமூடி நிறைந்தது, முட்டி மடங்கியது, நாத்தனார் அண்ணியின் விலாவில் இறங்கினார். டீச்சர் குழாயைக் கடித்துக்கொண்டு, மேலே போ என்று கட்டைவிரலைக் காட்டினார். மீண்டும், மீண்டும். வீட்டில் கணவர் மனைவியின் விலாவில் நீலத் தடங்களைக் கண்டு திடுக்கிட்டார்.

"இது யார் பண்ணினது?"

"உங்க தங்கச்சி."

"ஏன் பண்ணினா?"

"நான்தான் பண்ணச் சொன்னேன்."

கணவர் "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தலையிடலே" என்று தைலத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

தரையின் மேல் முட்டி போடத் தயங்காத கால்கள், அண்ணியின் மேல் போட மெல்ல மெல்லத் தயங்கின. முட்டி பாதி மடங்கியதும் நாத்தனார் கீழே பார்ப்பார், அங்கே முகமூடிக்குள் இரண்டு கண்கள் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், முட்டி நீளும். அந்தத் தயக்கத்தில் கிடைத்த கணத்துக்குள் மூக்கால் ஊதி, வாயால் இழுத்துவிடலாம் என்று கண்டுகொண்டார். ஒரு வாரம் கழித்து டீச்சர் ஓசைப்படாமல் நகர்ந்து பக்கத்தில் படுத்தார். நாத்தனாருக்கு அது தெரியவே இல்லை. முகமூடியைக் கழற்றினார், மாட்டினார், ஊதினார். இருந்த இடத்திலேயே இருந்தார்.

தேர்வுநாள் வந்தது. இம்முறை நிலையத்தின் முக்குளிப்பு அதிகாரியே தேர்வு நடத்தினார். ஐம்பது வயதுப் பெண்மணி, சொற்களைச் செலவிடாதவர். முந்திய நாளின் காற்றில் சரிவுப் பக்கத்து நீர் கலங்கியிருந்தது. கை நீட்டினால் விரல் மங்கும். படகில் கேப்டன் டீச்சரைத் தனியே அழைத்தார்.

"இந்தப் பக்கம் மணல்திட்டு இருக்கு. ஆழமே இல்லே. அங்க இறங்கி முட்டி போட்டு முகமூடியக் கழட்டினா அஞ்சே நிமிஷம், சான்றிதழ் கையில. எங்க வேணா எடுத்துக்கலாம்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க. எதுக்கு வம்பு? பொழைப்புல முட்டி போடாதவன் யாரு?"

டீச்சருக்கும் ஆசை எழாமலில்லை. இன்று தவறினால் மறுவாய்ப்பு இல்லை. நாத்தனாரின் பதினோரு ஆண்டு இருபது ஆண்டாகும். எனினும் அது டீச்சரின் தேர்வு அல்ல. ஈயத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் இரண்டு வழியையும் ஒளிக்காமல் சொன்னார்.

நாத்தனார் கொக்கியை வலக்கையால் ஒருமுறை அவிழ்த்து மாட்டினார். "அண்ணி, நான் வேலை செய்யப் போறது புல்லு மேல. அங்க முட்டி போட்டா புல்லு செத்துரும். மணல்ல வாங்கின சான்றிதழ வெச்சு நான் என்ன பண்றது? சரிவுக்கே போவோம்."

அதிகாரி தலை திருப்பி ஒருமுறை பார்த்தார்.

கயிறு பச்சையாய்க் கலங்கிய நீருக்குள் சென்று மறைந்தது. அதில் ஓரிடத்தில் சிவப்புத் துணி முடிந்திருந்தார்கள். அதன் மட்டத்தில், கயிற்றைத் தொடாமல் நாத்தனார் நின்றார். எதிரே அதிகாரி, கையெட்டும் தொலைவில் டீச்சர். அதிகாரி தம் முகமூடியைத் தொட்டுக் கழற்றும் சைகை காட்டினார். நாத்தனார் கழற்றினார். கண்ணை இறுக மூடியிருந்தார். குமிழிகள் சீராக வந்தன. மாட்டினார், வார் தலைமயிரில் சிக்கியது, விளிம்பு சரியாகப் படியவில்லை. ஊதினார். பாதி நீர் போயிற்று; பாதி திரும்ப நுழைந்தது. நெஞ்சு காலியான உடல் சிவப்புத் துணிக்குக் கீழே தாழத் தொடங்கியது.

முழங்கால்கள் மடங்கின.

டீச்சரின் கை முன்னே போனது. பிடித்தால் நாத்தனாருக்குத் தீங்கில்லை. ஆனால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். நெஞ்சுக்கும் கைக்கும் நடந்த வழக்கில் அவர் கையை விரித்தபடி அந்தரத்திலேயே நிறுத்தினார். தொடுவதற்கு ஒரு சாண் இருந்தது. மீண்டும் தாழ்ந்தால் பிடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

நாத்தனார் வாயால் மூச்சிழுத்தார். பயிற்சியின்போது முனகிய அதே முனகல் நீரில் கேட்டது. மடங்கிய கால்கள் பின்னே நீண்டன. தாழ்ந்த உடல் நின்றது, எழுந்தது, சிவப்புத் துணிக்கு நேரே வந்தது. சிக்கிய மயிரை நிதானமாக விலக்கி, விளிம்பை அழுத்தி மறுபடி ஊதினார். கண்ணைத் திறந்தபோது எதிரில் அதிகாரியின் முகம் தெரிந்தது. அதிகாரி சுட்டுவிரலையும் பெருவிரலையும் சேர்த்து வட்டமாக்கிச் 'சரி' என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் டீச்சர் தம் கையை இறக்கினார்.

படகில் அதிகாரி சிலிண்டரைக் கழற்றியபடி நாத்தனாரிடம் கேட்டது ஒன்றே: "திங்கக்கிழமை வேலைக்கு வர்றீங்களா?"

"ஞாயித்துக்கிழமையே வரேன் மேடம்."

"ஞாயித்துக்கிழமை புல்லுக்கு லீவு" என்றார் அதிகாரி. அவர் சிரித்ததைக் கேப்டன் அன்றுதான் பார்த்ததாகச் சொல்வார்.

துறையில் நின்றிருந்த கணவர் தங்கையின் இரு காதுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மனைவியின் கையிலிருந்த ஈய பெல்ட்டை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். வீடுவரை கீழே வைக்கவில்லை.

மறுவாரமே டீச்சர் தம் வகுப்பிலிருந்து முட்டி போடுவதை நீக்கினார். பாடம் முடியக் கூடுதல் நாள் பிடிக்கும் என்றார் கேப்டன். பிடிக்கட்டும் என்றார் டீச்சர். அத்துடன் நிற்கவில்லை. தம்மிடம் தரையில் கற்றுப்போன பழைய மாணவர்களைத் தேடித் தேடி அழைத்தார். கட்டணமின்றி மறுபடி கற்பிப்பதாகச் சொன்னார். "நாங்க பாஸ் பண்ணிட்டோமே டீச்சர்" என்று சிலர் நழுவினார்கள். "நான்தான் பாஸ் பண்ணலே. எனக்காக வாங்க" என்றார். சிலர் அதற்கும் வரவில்லை. அவர்களை மறுபடியும் அழைத்தார். சனிக்கிழமைக் காலைகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டன. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நாத்தனார் துணைக்கு இறங்கினார். மற்றவர்கள் அடியில் மல்லாந்து படுக்க மறுத்ததால், அந்த வேலையை நாத்தனாரே ஏற்றுக்கொண்டார்.

பிற்காலத்தில் டீச்சருக்கு இதயத்தில் கோளாறு கண்டு, இனி ஆழத்துக்கு இறங்கக் கூடாதென மருத்துவர் தடுக்கும்வரை இது நடந்தது. தடுப்பதற்கு முந்திய வாரத்தில் வந்தவர் ஒரு தையற்கடைக்காரர். ஒன்பது முறை அழைத்த பின்னர் வந்தவர். பழைய நாளின் கூடுதல் ஈயத்தோடே இறங்கப் பார்த்தவர். கட்டிகளைக் கழற்றவைத்து, குளத்தின் நடு ஆழத்தில் அவரை நிறுத்தி, முகமூடியைக் கழற்றி மாட்டச் செய்தார் டீச்சர். மூன்றாம் முயற்சியில் தையற்காரரின் முழங்கால் மடங்கவில்லை. அதுவே முட்டிக்கால் டீச்சர் நீருக்குள் நடத்திய கடைசிப் பாடம்: 2019 மார்ச் 9, சனிக்கிழமை.